பழைய உழவு இயந்திரத்துக்கு ஏற்ற மனிபோல்டைத் தெரிவு செய்தல்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



பெற்றோலில் அல்லது மண்ணெண்ணெயில் ஓடும் பழைய உழவு இயந்திரங்களை இன்றும் உங்களுட் சிலர் பேணி வருகின்றீர்கள். இவற்றின் மனிபோல்ட் வெடித்துவிட்டால், கிடைத்த ஒன்றைப் பூட்டி வேலையை முடித்துக்கொள்வது பலரின் வழக்கம். அவ்வாறு பூட்டினாலும் எஞ்சின் ஓடத்தான் செய்யும். ஆனால் உழவு மும்முரமான வேளையில் அது உங்களைக் கைவிட்டுவிடக் கூடும்.

மனிபோல்ட் என்பது, காபரேற்றரில் உண்டாகும் எரிபொருட் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் கிளைக்குழாய் ஆகும். பெற்றோல் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் மண்ணெண்ணெய்க்குரிய மனிபோல்ட், வெளியேறும் புகையின் சூட்டை நன்கு பெறுமாறு அமைக்கப்பட்டிருக்கும்.

பெற்றோல் மனிபோல்டைப் பூட்டி மண்ணெண்ணெயில் ஓட்டினால் நிகழ்வது என்ன? ஆவியாகாத துளிகள் சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அடித்தொட்டியிலுள்ள ஒயில் நீர்த்துப்போகும், பேரிங்குகள் தேயும். 1990களில் பெற்றோல் கிடைக்காத காலத்தில், வடபகுதியில் பெற்றோல் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட்டியோர் பலர். அன்று வேறு வழியில்லை. இன்று அதனை வழக்கமாகக் கொள்ளலாகாது. மேலும், பெற்றோல் எஞ்சினின் அமுக்கம் அதிகம். எனவே மனிபோல்டை மட்டும் மாற்றி மண்ணெண்ணெய் ஊற்றினால், பாரம் இழுக்கும்போது எஞ்சின் தட்டும்.

2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபின், மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலுக்கு மாற்றலாமா என்று கேட்போர் உளர். மாற்றலாம், அதனால் எஞ்சினுக்குத் தீங்கில்லை. ஆனால் பழைய மனிபோல்டையே விட்டுவைத்தால், சூடேறி விரிந்த கலவை குறைந்த அளவிலேயே உட்செல்லும், வலுக் குறையும். பெற்றோலுக்குரிய மனிபோல்டையும் காபரேற்றர் ஜெற்றையும் சேர்த்து மாற்றுங்கள். அப்போதும் அமுக்கம் குறைவாகவே இருக்குமாதலால், பெற்றோல் எஞ்சினின் முழு வலுவை எதிர்பார்க்க வேண்டாம். செலவையும் பயனையும் முதலிற் கணக்கிட்டுப் பாருங்கள்.

இனி, வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. இயந்திரத்தின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். உதாரணமாக, 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரிற் செய்யப்பட்ட சிறிய பேர்குசனை எடுத்துக்கொள்வோம். முதலில் வந்தவற்றில் அமெரிக்கக் கொன்டினென்டல் எஞ்சின் இருந்தது. 1947 இல் ஸ்ரான்டர்ட் எஞ்சின் வந்தது. 1951 இல் அதன் சிலிண்டர் விட்டம் 80 மில்லிமீற்றரிலிருந்து 85 மில்லிமீற்றராக மாறியது. தகட்டில் ‘ரீ.ஈ.ஏ.’ என்றிருப்பது பெற்றோல் வகை; ‘ரீ.ஈ.டி.’ என்றிருப்பது மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் ஓடும் வகை. தகட்டில் உள்ளதை எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். இடையில் எஞ்சின் மாற்றப்பட்டதா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

2. புதிய காஸ்கற்றை எஞ்சின் முகத்திலும் மனிபோல்ட் முகத்திலும் வைத்துப் பாருங்கள். துவாரங்களும் ஆணித்துளைகளும் இரண்டிலும் நேராக அமைய வேண்டும்.

3. துவாரம் பெரிதானால் வலுக்கூடும் என்று எண்ணாதீர்கள். உழவு இயந்திரம் மெதுவாகச் சுழன்று வேலை செய்வது. குழாய் அகன்றால் காற்றின் வேகம் குறைந்து, எரிபொருள் துளிகளாகச் சுவரிற் படியும்.

4. பழைய மனிபோல்டாயின், முகத்தின்மேல் நேரான உருக்குச் சட்டத்தை வைத்து, இடைவெளி உண்டா என்று பாருங்கள். வெடிப்பை அறிய, மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் விட்டுத் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் அவ்விடத்தில் ஈரக்கோடு தோன்றும்.

பூட்டும்போது நடுவிலுள்ள நட்டுக்களிலிருந்து தொடங்கி, இருபுறமும் சிறிது சிறிதாக இறுக்குங்கள். எஞ்சின் சூடேறி ஆறியபின் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். பின்னர் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, உட்செல்லும் கிளை சேருமிடத்தில் சில துளி ஒயில் விடுங்கள். ஓட்டத்தில் மாற்றம் தெரிந்தால் அங்கே காற்று நுழைகின்றது. இச்சோதனைக்குப் பெற்றோலை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், தீப்பற்றிவிடும்.

மண்ணெண்ணெயில் ஓட்டுவோர், பெற்றோலில் தொடக்கி, எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டுக. நாள்தோறும் காலையில் ஒயிற் கோலை எடுத்துப் பாருங்கள். ஒயில் மட்டம் உயர்ந்திருந்தால் மகிழ வேண்டாம். மண்ணெண்ணெய் இறங்கியிருக்கக் கூடும். மண்ணெண்ணெய் மணம் வீசினால் ஒயிலை மாற்றிய பின்னரே வயலுக்குச் செல்லுங்கள்.

கமக்காரர்களே, விதைநெல்லை நிலத்துக்கும் போகத்துக்கும் ஏற்பத் தெரிகின்றீர்கள். மனிபோல்டையும் எரிபொருளுக்கும் எஞ்சினுக்கும் ஏற்பத் தெரியுங்கள். மழை விழுமுன், இயந்திரம் கொட்டிலில் ஓய்ந்திருக்கும் இந்நாட்களிலேயே இவ்வேலையைச் செய்து முடியுங்கள்.