அம்மாவின் சான்றிதழ்



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு தலைவரின் வாழ்வையோ ஓர் எழுத்தாளரின் படைப்புகளையோ பற்றிப் பேசுவது வழக்கம். நாங்கள் எங்கள் அம்மாவையும் அப்பாவையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். 'நாங்கள்' என்பது மேடை மரியாதைக்காக அல்ல. அக்கா, தங்கை இருவரும் உட்கார்ந்து சேர்ந்து எழுதிய உரை இது. ஒருத்திக்கு மறந்தது மற்றவளுக்கு நினைவிருந்தது. ஓரிடத்தில் எங்கள் இருவரின் நினைவும் ஒத்துப்போகவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

அம்மா இறந்து பதினாறாம் நாள் கழிந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கல்யாணப் பத்திரிகை ஒன்று இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியல் இருந்தது. அதற்கடியில், பிளாஸ்டிக் உறையில் நான்காக மடித்து வைத்த சாதிச் சான்றிதழ். கர்நாடக அரசு கொடுத்தது. கன்னடத்தில் 'ஆதி திராவிட' என்று எழுதியிருந்தது. அந்தக் காகிதத்தை அம்மா தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வெளியே எடுத்துப்போனார்.

அம்மா பிறந்தது கோலார் தங்கவயலில், தொழிலாளர் லைன் வீட்டில். அம்மாவின் அப்பாவை, அதாவது அவர் 'நைனா' என்று கூப்பிட்ட எங்கள் தாத்தாவை, நாங்கள் பார்த்ததில்லை. சுரங்கத்தில் வேலை செய்தவர். அப்பாவின் ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். அவருடைய தாத்தாவும் ஒரு காலத்தில் அதே தங்கவயலுக்கு நடந்தே போய் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர்தான். அந்தப் பழைய உறவில்தான் 1983இல் கல்யாணம் நடந்தது. அம்மா எல்லை தாண்டி வந்தார். ஓசூரில் சிப்காட் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. மொபெட், லாரி, கைக்கடிகாரம் என்று பெரிய தொழிற்சாலைகள் வர, அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் பட்டறைகள் சந்துக்குச் சந்து முளைத்தன. அப்படி ஒரு பட்டறையில் அப்பா லேத் ஓட்டினார்.

1991இல் அங்கன்வாடிப் பணியாளர் வேலைக்கு அம்மா விண்ணப்பம் போட்டார். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பெண் அவர் ஒருவர்தான். எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். சான்றிதழைப் பார்த்தவர், "இது அந்த ஸ்டேட் சர்டிபிகேட்மா, இங்க செல்லாது" என்றார். அவர் கத்தவில்லை, அவமானப்படுத்தவில்லை. இருந்த விதியைச் சொன்னார். திரும்பும் வழியில் அம்மா அழுதார் என்பது அக்காவின் நினைவு. அழவே இல்லை, ஆளுக்கொரு பன் வாங்கிக் கொடுத்தார் என்பது தங்கையின் நினைவு. இரண்டுமே நடந்திருக்கலாம். அந்த வருடம் முதல் அம்மா மாங்கூழ்த் தொழிற்சாலைக்குப் பழம் வெட்டப் போனார். மாம்பழம் வருகிற இரண்டு மூன்று மாதம் அந்த வேலை. மீதி நாட்களில் கிடைத்த கூலி வேலை. மாம்பழப் பாலும் சாறும் பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும். சோறு பிசையும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தக் காகிதம் ஏன் செல்லவில்லை என்பது பெரியவர்களான பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 341ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதிகள் மாநிலவாரியாக அறிவிக்கப்படுகின்றன. முதல் ஆணை 1950 ஆகஸ்டு 10ஆம் தேதியிட்டது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்று மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990இல் சொன்னது. 2018இல் பீர் சிங் வழக்கிலும் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மாநில அரசுப் பணிகளைப் பொறுத்தவரை அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு ரஞ்சனா குமாரி வழக்கில், கல்யாணமாகி வேறு மாநிலம் போன பெண்ணுக்கும் அதுவே விதி என்று ஆனது.

நீதிமன்றம் சொல்லும் காரணத்தை நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். பின்தங்கிய நிலை என்பது அந்தந்த மண்ணின் சூழலைப் பொறுத்தது; வெளியிலிருந்து வருபவர்கள் உள்ளூர் தலித் மக்களின் பங்கை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தக் காரணம். தொலைதூர மாநிலங்களுக்கு அதில் ஞாயம் இருக்கலாம். ஆனால் 'ஆதி திராவிடர்' என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது, கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. ஒரே சாதி, ஒரே உறவுமுறை, ஒரே தீண்டாமை. அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டிய பெண்ணிடமிருந்து தீண்டாமை விலகுவதில்லை. உரிமை மட்டும் விலகிவிடுகிறது. இந்த எல்லைப்பகுதியில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களில் இந்த இழப்பைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஏனென்றால் ஊர் மாறுபவர்கள் பெண்கள்.

நாங்கள் இருவரும் அப்பாவின் சான்றிதழை வைத்துச் சான்றிதழ் வாங்கினோம், படித்தோம். காகிதத்தில் நாங்கள் அப்பாவின் பிள்ளைகள் மட்டுமே. அம்மா வந்த வழி எந்தப் பதிவேட்டிலும் எங்களோடு சேரவில்லை.

இப்போது அந்த வழியைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் மக்கள் போனார்கள். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் இன்றைய கிருஷ்ணகிரியும் ஓசூரும் இருந்தன. பண்ணையிலும் சேரியிலும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது: கையில் காசாக வாங்கும் கூலி. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போனது. பாறை வெடிப்பில் செத்தவர்கள் போக, கல்தூசி நுரையீரலில் படிந்து மெல்லச் செத்தவர்கள் பலர்.

ஆனால் அங்கே போனவர்கள் கூலிகளாக மட்டும் இருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1907இல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1926இல் தங்கவயலிலிருந்து மறுபடியும் வெளிவந்தது. விரல்ரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிக்கு அவர்களின் ரேகை வேண்டியிருந்தது, கதை வேண்டியிருக்கவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று அங்கிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் கூலிக்குப் போகிறார்கள் சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகள்.

இதில் 'தமிழன்' இதழ் பற்றி எங்களுக்குச் சொன்னவர் அப்பா. சங்கக் கூட்டங்களில் கேட்டது. அப்பாவின் கதை எப்போதும் திண்ணையில் நடக்கும், நாலு பேர் கேட்பார்கள். அம்மாவின் கதை வேலைக்கு நடுவில் வரும். குழாயடியில் தண்ணீர் பிடித்தது, ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியும் நைனா வரவில்லை என்றால் ஆயா வாசலிலேயே நின்றது, சயனைடு மண்மேட்டிலிருந்து காற்றடித்தால் சோற்றுப் பானையைத் துணி போட்டு மூடியது. கேட்க நாங்கள் இரண்டு பேர்தான். அதிலும் பாதி நேரம் காதில் வாங்கவில்லை.

நம் எழுத்து வரலாற்றிலும் இந்தக் குறை உண்டு. அன்னை மீனாம்பாள் 1904இல் ரங்கூனில் பிறந்தார். தாத்தா மதுரைப் பிள்ளை, தந்தை வாசுதேவப் பிள்ளை, கணவர் ந. சிவராஜ் ஆகியோரின் பொதுவாழ்வை நாம் அறிவோம். தாய் மீனாட்சியைப் பற்றிப் பெயருக்கு மேல் நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்? அதைச் சரிசெய்தவர்கள் மகள்கள்தான். மராத்தியில் ஊர்மிளா பவார் தன் வரலாற்றுக்கு 'ஆய்தான்' என்று பெயர் வைத்தார். அவருடைய அம்மா மூங்கிலில் முடைந்து விற்ற பொருட்களின் பெயர் அது. நியூயார்க் சுரங்க ரயிலில் நடத்துநராக வேலை பார்த்த சுஜாதா கிட்லா, ஆந்திராவில் இருந்த தாயிடமும் தாய்மாமன் கே.ஜி. சத்தியமூர்த்தியிடமும் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்து, 2017இல் 'ஆன்ட்ஸ் அமங் எலிஃபன்ட்ஸ்' என்ற நூலைக் கொண்டுவந்தார். மாமன் புகழ்பெற்ற புரட்சிக்காரர். அம்மா மஞ்சுளா கல்லூரி ஆசிரியர். இரண்டு வாழ்க்கையும் ஒரே நூலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நம் பாமா 1992இல் 'கருக்கு' எழுதியபோதும், அவருக்கு முன்னால் யாரும் பதிவு செய்யாத ஒரு தெருவின் பெண்கள் அச்சில் ஏறினார்கள்.

அம்மா அப்பா கதையை எழுதுவது பாசத்துக்காக மட்டும் அல்ல என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது. நம் குடும்பங்களுக்குச் செப்பேடு இல்லை, கல்வெட்டு இல்லை, பெரும்பாலும் பட்டாவும் இல்லை. 1950இல் உன் குடும்பம் எங்கே இருந்தது என்று அரசு கேட்கும்போது பதில் சொல்ல ஒரு கிழவியின் நினைவுதான் இருக்கிறது. அந்தக் கிழவி இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். இந்த விடுமுறையில் வீட்டில் பெரியவர்களிடம் உட்காருங்கள். அப்பாவிடம் எந்த ஊர், எந்த வேலை என்று கேளுங்கள். அம்மாவிடம் கூடுதலாகக் கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தாய், வரும்போது எதை விட்டுவிட்டு வந்தாய். பழைய ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், வேலைப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கிறித்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவு, எதையும் கிழித்துப் போடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். குடிபெயர்ந்தவர்களுக்குத் தந்தை அல்லது தாயின் சான்றை வைத்துத் தரும் சான்றிதழ் ஒன்று உண்டு. மாநில இடஒதுக்கீட்டுக்கு உதவாது. ஆனால் மத்திய அரசு வேலைக்கும் படிப்புக்கும் உதவும். அந்தப் படிவத்தில் தாய் என்றும் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

செயல்பாட்டாளர்களிடம் கேட்பது வேறு. எல்லை மாவட்டங்களில் இரு மாநிலப் பட்டியலிலும் ஒரே பெயரில் உள்ள சாதிகளுக்கு, கல்யாணமாகி வரும் பெண்களின் உரிமை தொடர வேண்டும் என்ற கோரிக்கையை ஓசூரிலிருந்தே எழுப்ப வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படும், நாளாகும். தொடங்கவாவது வேண்டும்.

அம்மாவின் சான்றிதழை இப்போது நாங்கள் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் என்ன இது என்று கேட்கிறார்கள். கேட்கட்டும் என்றுதான் மாட்டினோம். கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா வந்த வழியைச் சொல்கிறோம்.

ஜெய்பீம்.