கூலியை மறைத்த புகழுரை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் கடைகளை அறிமுகம் செய்து வருபவர். "ஹஜ்ரத், ஒரு கடைக்காரர் கைக்கடிகாரம் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். அதைப் புகழ்ந்து பேசினேன். பணம் வாங்கவில்லையே, இதையும் சொல்லியாக வேண்டுமா?" என்று கேட்டார். பலருக்கும் பயன்படும் கேள்வி என்பதால் இவ்வவையில் விடை கூற விழைகிறோம்.

முதலில் நாட்டின் சட்டம். 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென நெறிமுறைகளை வெளியிட்டது. பணம் மட்டுமன்றி இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், உறவுமுறை ஆகிய எது இருப்பினும் அதனை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். காணொளியில் எழுத்தாகக் காட்டுவதோடு வாயாலும் சொல்லுதல் வேண்டும். நேரலை என்றால் முழுநேரமும் திரையில் அது நிற்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றுபவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

நம் மார்க்கச் சட்டத்தில் 'நஜ்ஷ்' என்றொரு பாடம் உண்டு. வாங்கும் எண்ணமே இல்லாதவர், வாங்குபவர் போல் நின்று விலையை ஏற்றிவிடுவது நஜ்ஷ். நாயகம் (ஸல்) அவர்கள் இதனைத் தடுத்தார்கள். தரகுக் கூலியோ ஆகுமானது. தரகர் கூலி பெறுகிறார் என்பது வாங்குபவருக்கும் தெரியும் அல்லவா? கூலியைப் பெற்றுக்கொண்டு, தாமும் ஒரு வாடிக்கையாளர் போல் பேசுபவரிடம் நஜ்ஷின் சாயல் படிகின்றது.

"சொன்னால் கடைக்காரர்கள் அழைக்கமாட்டார்கள், ஹஜ்ரத்" என்றார் அவ்விளைஞர். அவர் குடும்பத்துக்கு அதுவே வருவாய். அச்சிரமத்தை நாம் இலேசாகக் கருதவில்லை. ஆயினும், மறைத்தால்தான் கிடைக்கும் கூலி எதற்குரியது? மக்கள் அவர்மீது வைத்த நம்பிக்கைக்கு உரியது. அந்நம்பிக்கை அவரிடம் உள்ள அமானத். அதனை விற்க அவருக்கு உரிமையில்லை.

அவர் அக்காணொளியை நீக்கிவிட்டு, அன்பளிப்பைச் சொல்லி மீண்டும் பதிவு செய்தார். அதன்பின் இரண்டு கடைக்காரர்கள் அவரை அழைக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. எனவே வணிகச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விளம்பரம் செய்யுங்கள், "கூலி வாங்கியதைச் சொல்லாதே" என்று மட்டும் எவரையும் நிர்ப்பந்திக்காதீர்கள்.

கொடுக்கல் வாங்கலில் வாய்மை பேண வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.