படித்துக் காட்டுங்கள்

(நம் குடியிருப்பின் குழந்தைகள் தின விழாவில் பேசியது)

அடுத்து டிபன் காத்திருக்கிறது என்று எனக்கும் தெரியும். கவுன்டரில் உட்கார்ந்து பழகியவன், வரிசை நீண்டால் சீக்கிரம் முடித்துவிடுவேன்.

என் மகளுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், படிக்க வராது. பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள், ஒரு பக்கக் கதை என்றால் மூச்சு வாங்கும். பள்ளியில் வேறு மொழி எடுத்ததால்தான் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சின்னவளாக இருந்தபோது கணக்கு நேராகும்வரை கிளையை விட்டுக் கிளம்ப முடியாது. வீட்டுக்கு வந்தால் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை இருந்ததே என்பீர்கள். இருந்தது. நான் பேப்பர் படித்தேன், எனக்குள்ளேயே.

போன வருடம் யூகேஜி படிக்கும் பேரன் ஒரு கதைப் புத்தகத்தோடு வந்தான். 'நரி நீர் அருந்தச் சென்றது' என்று படித்தேன். "அப்படின்னா என்ன தாத்தா?" என்றான். "தண்ணி குடிக்கப் போச்சுடா" என்றேன். "அப்ப ஏன் அப்படியே எழுதல?" என்றான். பதில் வரவில்லை எனக்கு.

வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. நம் சின்ன வயதில் வானொலிச் செய்தி, மேடைப் பேச்சு, கோயில் கதாகாலட்சேபம் என்று புத்தகத் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இன்றைய குழந்தை அதை முதலில் சந்திப்பதே வகுப்பில், பாடமாக. எழுத்தும் அப்படித்தான். கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே 'க' வரிசை எழுத்து, ஒலி மூன்று விதம். அந்த வயதில் விதி சொன்னால் ஏறாது. பத்துத் தடவை கேட்டால் தானாக வந்துவிடும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே, கைக்குழந்தைப் பருவத்திலிருந்து வாசித்துக் காட்டும்படி பெற்றோருக்குச் சொல்லச் சொன்னது. கைக்குழந்தைக்குக் கதை புரியாதுதான். குரல் தெரியுமே!

நடுவில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். ஒரே புத்தகத்தை இருபது நாள் கேட்டால் இருபது நாளும் படியுங்கள். தூக்கக் கலக்கத்தில் நான் ஒரு பக்கம் தாண்டினால் இப்போது பேரன் பிடித்துவிடுகிறான், எங்கள் ஆடிட்டர்களை விடக் கறார். புத்தகத்துக்குத் தூலிகா பதிப்பகம் இருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். மொபைல் என்றாலும் மடியில் உட்கார வைத்துப் படியுங்கள். கையில் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள்.

போன மாதம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மகள் புத்தகத்தை எடுத்தாள். தடுமாறித் தடுமாறித்தான் படித்தாள். அவன் திருத்தினான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, மறுநாளும் அவளேதான் படித்தாள்.

சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் பூங்காவில் படிக்கலாம் என்றிருக்கிறேன். தெலுங்கு, மலையாளம் படிக்கத் தெரிந்தவர்களும் வாருங்கள். பாய் நான் கொண்டு வருகிறேன், கொசுவத்தி யாராவது கொண்டு வாருங்கள்.