தோட்டத்தின் நடுவே ஒரு கப்று





மடுல்சீமையிலிருந்தும் பசறையிலிருந்தும் இந்தியா செல்லும் நம்மவர்களிற் பலர் டில்லியையும் பார்த்துவர விரும்புகின்றனர். “ஹஸரத், கப்றின் மீது கட்டிய கட்டடத்தைப் பார்க்கப் போகலாமா?” என்று பெற்றோர் கேட்கின்றனர். ஹராம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் வாலிபரும் உண்டு. அங்கே சென்று அடங்கியிருப்பவரிடமே தேவையைக் கேட்டு நிற்போரும் உண்டு. இவ்விரு சாராரும் டில்லியிலுள்ள ஹுமாயூன் பாதுஷாவின் அடக்கத்தலத்தைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வது நல்லது.

ஹுமாயூன் 1556 ஜனவரியில் மரணித்தார். தமது நூலகத்தின் படிகளில் இறங்கும்போது பாங்கொலி கேட்டு, மரியாதையாக அமர முற்பட்டவர் அங்கியில் கால் சிக்கி விழுந்தார் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். போர்க்களங்களிலிருந்து தப்பியவருக்கு வீட்டுப் படியில் மௌத்து வந்தது. அவரது மனைவி பேகா பேகம், ஹஜ் செய்தமையால் ஹாஜி பேகம் எனப்பட்டவர், 1560களில் இக்கட்டடத்தை எழுப்பத் தொடங்கினார். தாஜ்மகாலுக்கு இதுவே முன்னோடி.

கட்டடத்தைவிட அதன் தோட்டத்தை நின்று பாருங்கள். அதற்குச் சார்பாக், அதாவது நான்கு தோட்டம், என்று பெயர். நடைபாதைகளும் நீர்க்கால்வாய்களும் அதனை நான்காகப் பிரிக்கின்றன. ஸூரா முஹம்மதின் 15ஆம் வசனம் சுவனத்து நீர், பால், மது, தேன் ஆறுகளைக் கூறுகிறது அல்லவா? அதன் சாயலையே முகலாயர் பூமியில் அமைக்க விரும்பினர் என்பது அறிஞர் பலரின் கருத்து. நமது மலைகளில் ஒரு பீலியைப் போட்டால் தண்ணீர் தானே பாய்ந்து வரும். டில்லியோ சமவெளி. 2003இல் நிறைவுற்ற புனரமைப்பின்போது, 40 மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் என்ற அளவே சரிவு கொடுத்துக் கால்வாய்களை அமைத்தனர். தண்ணீரை அவ்வளவு மெதுவாக, எங்கும் தேங்காமல் நடத்துவது சாமானியமான வேலையன்று. நம்மூரில் ஒரு வடிகாலைச் சரியாக வெட்டத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் மார்க்கத்தின் தீர்ப்பை மறைக்க முடியாது. கப்றுகளைச் சாந்து பூசிக் கட்டுவதையும் அவற்றின் மேல் கட்டடம் எழுப்புவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் அது உள்ளது. அதேவேளை, முதலில் தடுத்திருந்த கப்று ஸியாரத்தை, மறுமையை நினைவூட்டும் என்பதற்காகப் பின்னர் அனுமதித்தவர்களும் அவர்களே. எனவே பார்க்கச் செல்வது வேறு, அதுபோல் கட்ட ஆசைப்படுவது வேறு, கப்றில் உள்ளவரிடம் கேட்பது முற்றிலும் வேறு. அங்கே கிடப்பவர் உங்கள் துஆவுக்குத் தேவையுடையவர். நீங்கள் மேல்மாடத்தில் காணும் பளிங்குக் கல்லின் கீழ் அவர் இல்லை. உண்மையான கப்று கீழே மண்ணில் இருக்கிறது.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் நிஸாமுத்தீன் அவ்லியா தர்கா வளாகம் உள்ளது. ஷாஜஹானின் மகள் ஜஹானாரா அங்கே அடங்கியிருக்கிறார். 1681இல் மரணித்த அவரது கப்றின் மேல் கூரை இல்லை. பளிங்குக்கு நடுவே மண்ணும் புல்லும்தான். தாஜ்மகாலைக் கட்டியவரின் மகள்! பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதையும் தவறாமல் காட்டுங்கள்.

ஹுமாயூனின் வளாகத்தில் அக்குடும்பத்தினர் 100க்கும் மேற்பட்டோர் அடங்கியுள்ளனர். கடைசி அரசர் பகதூர் ஷா ஸபருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. 1857 செப்டெம்பரில் அவர் தஞ்சம் புகுந்ததும், ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் அதே வளாகத்தில்தான். ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டு 1862இல் அங்கேயே மரணித்தார். கப்று இருந்த இடமே மறைந்துபோய், 1991இல் வடிகாலுக்கு மண் தோண்டியபோதுதான் அது வெளிப்பட்டது. சுவரில் ஆணியால் பெயர் கீறிவிட்டு வரும் வாலிபரே, யாருடைய வீட்டுச் சுவரில் உமது பெயரை எழுதுகிறீர்?

பயணம் முடிந்து ஊர் திரும்பியதும், பிள்ளையை நமது மையவாடிக்கும் ஒருமுறை கூட்டிச் செல்லுங்கள். ஸலாம் சொல்லி, துஆச் செய்யக் கற்றுக்கொடுங்கள். வாப்பாவின் வாப்பா எந்த இடத்தில் அடங்கியிருக்கிறார் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. நமது சரிவுகளில் மழைக்கு மண் கரைந்துவிடும். அடுத்த மாரிக்கு முன் காட்டிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.