டாக்டர் படிப்பும் பிராப்தமும்

(நாமக்கல்லில் பேசியது)



2022 முதல் இந்த நாமக்கல்லிலேயே சர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. அப்படியிருந்தும், "நம் பிள்ளைக்கு டாக்டர் படிப்புக்குப் பிராப்தமில்லை" என்கிறீர்கள். பிராப்தமாவது, வெங்காயமாவது!

1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் நம் வகுப்புவாரி உத்தரவைச் செல்லாதென்றார்கள். கிளர்ச்சி நடந்தது, அவ்வருஷமே அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. பிறகு? பணங்கட்டி விடுதிப் பள்ளியில் படித்தவன் (கோழிப் பண்ணைக்கு அடுத்தபடி நம்மூர்த் தொழில் அதுதானே!) முன்னே போனான். நீட் பரீட்சை வந்ததும் பணங்கட்டித் தனிவகுப்புக்குப் போனவன் முந்தினான். சர்க்கார் பள்ளிப் பிள்ளை இரண்டிலும் வெளியே நின்றான். 2020-இல் அவனுக்கு 7.5 சதவிகிதம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. அவ்வருஷமே நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே போனார்கள். சனியும் ராகுவுமா இடம் மாறினார்கள்? மாறினது சட்டந்தானே!

நர்சுப் படிப்பும், மருந்து தயாரிக்கும் பி.பார்ம் படிப்பும் 4 வருஷம். இரண்டுக்கும் இங்கே பிளஸ் டூ மார்க்கே கணக்கு. "கண்டவனைத் தொடுகிற வேலை பெண்ணுக்கு எதற்கு?" என்கிறவர்களைக் கேட்கிறேன்: காய்ச்சல் வந்தால் எந்த ஜாதி நர்சு என்று விசாரித்தா ஊசி போட்டுக் கொள்ளுகிறீர்கள்?

ஜோசியனுக்குக் கொடுக்கும் காசில் நாளைக்கே விண்ணப்பம் போடுங்கள்.