சாம்பலில் வெந்த சோளம்

இன்று ஒரு சமையலிலிருந்து தொடங்குவோம். காய்ந்த வெள்ளை மக்காச்சோளத்தை, விறகுச் சாம்பல் கரைத்த தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். மேல்தோல் கழன்று வந்ததும் சோளத்தைக் கூடையில் கொட்டி, தேய்த்துத் தேய்த்து அலசுகிறார்கள். பிறகுதான் அது சூப்பாகவோ, சிவப்பு அவரை சேர்த்துப் பிசைந்து வேகவைத்த ரொட்டியாகவோ ஆகிறது.

ஒனைடா மக்களின் சமையல் இது. அவர்களுடைய தாயகம் இன்றைய நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒனைடா ஏரிப் பக்கம். ஐந்து பழங்குடி நாடுகள் சேர்ந்து அமைத்த ஹோடனோஷோனி கூட்டமைப்பில் அவர்களும் ஒருவர். ஆறாவதாக டஸ்கரோராக்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

சாம்பல் எதற்கு? அதிலுள்ள காரம் தோலை உரிப்பதோடு நிற்பதில்லை. சோளத்தில் சிக்கிக்கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை நம் உடம்பு ஏற்கும்படி விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சாம்பலை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு அங்கே நியாசின் குறைவால் பெல்லாக்ரா நோய் வந்தது. பழங்குடிப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!

ஆம், பெண்களிடம்தான். வயலும் விளைச்சலும் அவர்கள் பொறுப்பு. சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் விதைத்து ‘மூன்று சகோதரிகள்’ என்பார்கள். சோளத்தண்டில் அவரை ஏறும். அவரை மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும். பூசணி இலை களையை அடக்கி ஈரத்தைக் காக்கும்.

வீடும் பெண்வழிதான். ஆமை, ஓநாய், கரடி என மூன்று குலங்கள். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். ஒரே குலத்துக்குள் திருமணம் கிடையாது. அந்தக் காலத்தில் கல்யாணமான ஆண், மனைவி வீட்டார் வசிக்கும் நீண்ட வீட்டுக்குக் குடிபோவான். தலைவர்கள் ஆண்கள், அவர்களைத் தேர்ந்தெடுப்பவர் குலத்தாய். தலைவர் தவறினால் எச்சரிப்பதும், கேட்காவிட்டால் பதவியைப் பறிப்பதும் அவர் உரிமை. மான்கொம்பு தலைமையின் அடையாளம் என்பதால், பதவி நீக்கத்தைக் கொம்பு களைதல் என்றே சொல்கிறார்கள். அமெரிக்கா தன் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை தந்தது 1920-இல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்க விடுதலைப் போரில் ஒனைடாக்களில் பெரும்பாலோர் குடியேறிகள் பக்கம் நின்றார்கள். 1777-இல் ஒரிஸ்கனியில் சேர்ந்தே போரிட்டார்கள். அடுத்த ஆண்டு, வேலி ஃபோர்ஜ் முகாமில் பட்டினியாய்க் கிடந்த வாஷிங்டனின் படைக்கு ஒனைடாக்கள் சோளம் சுமந்து போனதாகவும், பாலி கூப்பர் என்ற பெண் அங்கேயே தங்கி அதைச் சமைக்கும் விதத்தைக் காட்டியதாகவும் அவர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். கூலி வாங்க மறுத்த அவருக்குச் சால்வை ஒன்று பரிசாகக் கிடைத்ததாம். வாஷிங்டன் நகரின் அமெரிக்கப் பழங்குடியினர் அருங்காட்சியகத்தில் அவருக்குச் சிலையும் இருக்கிறது.

இந்த நட்புக்குக் கிடைத்த கைம்மாறு கசப்பானது. 1794-ஆம் ஆண்டு கனன்டெய்குவா ஒப்பந்தம் அவர்கள் நிலத்தை உறுதிசெய்தது. அதன்படி ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய துணியை மத்திய அரசு இன்றும் கொடுக்கிறது. நிலத்தைத்தான் நியூயார்க் மாநிலம் துண்டுதுண்டாக வாங்கிக்கொண்டது. சுமார் 60 லட்சம் ஏக்கர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 32 ஏக்கராகச் சுருங்கியது. பலர் விஸ்கான்சினுக்கும், சிலர் கனடாவின் ஒன்டாரியோவுக்கும் பெயர்ந்தார்கள். ஒனைடா சமூகங்கள் இன்று இந்த மூன்று இடங்களிலும் வாழ்கின்றன.

போன இடமெல்லாம் விதையும் கூடவே போனது. விஸ்கான்சினில் பல குடும்பங்கள் கூட்டாகச் சேர்ந்து இன்று வெள்ளைச் சோளம் பயிரிடுகின்றன. கதிரைக் கையால் ஒடித்து, தோகையைப் பின்னி, சரம்சரமாகத் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். பின்னும் வேலையைப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள்.