கம்பெனிக் கணக்கும் தொழிலாளியின் பேரும்



2026 ஜனவரி முதல் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,750 ரூபாய் என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் அச்சிட்டன. அச்செய்தி பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. 1,350 ரூபாயாக இருந்த அடிப்படைச் சம்பளம் 1,550 ஆக உயர்ந்தது. மிகுதி 200 ரூபாய் வேலைக்கு வருவோர்க்கான வரவுப்படி. அது கம்பெனியின் பெட்டகத்திலிருந்து வருவதன்று. அரசாங்கத்தின் திறைசேரியிலிருந்து வருவது. திறைசேரியிலுள்ள பணம் எவருடையது? வெலிமடையில் உருளைக்கிழங்கு பயிரிடும் கமக்காரனும், பதுளைக் கடைத்தெருவில் பருப்பு வாங்கும் கொழுந்துக்காரியும் கட்டிய வரிப்பணம் அல்லவா? தேயிலை விற்று இலாபம் காண்பவன் கொடுக்கவேண்டிய கூலியில் ஒரு பங்கை நாட்டு மக்கள் கொடுக்கிறார்கள். தொழிலாளிக்கு அந்தப் பணம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒரு ரூபாயும் குறையாமல் வரட்டும். ஆனால் கொடுக்கக் கடமைப்பட்டவன் யார் என்பதல்லவா தலையங்கமாக வேண்டும்!

இன்னொன்று. நாட்சம்பளம் என்பது நாள் முழுதும் உழைத்தவர்க்கெல்லாம் கிடைக்கும் சம்பளம் என்று கொழும்பில் இருப்போர் எண்ணுகிறார்கள். பிரட்டுக்களம் தெரிந்தவர்க்கே உண்மை தெரியும். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர். தராசில் அது குறைந்தால் அரைப்பேர். மழை பெய்ததும், செடி கிழடு தட்டியதும், மலை காடு மண்டிக் கிடப்பதும் அவள் குற்றமா? புல் வெட்டாமலும் உரம் போடாமலும் மலையைக் கைவிட்டவன் ஒருவன். அரைப்பேர் வாங்குகிறவள் வேறொருத்தி. ஆகவே, “சம்பளம் எவ்வளவு?” என்று கேட்கும் நிருபர், “மாதத்தில் எத்தனை முழுப்பேர் விழுந்தது?” என்றும் கேட்டல் வேண்டும். அதைக் கேளாமல் எழுதப்படும் சம்பளச் செய்தி கம்பெனி விளம்பரத்துக்கு ஒப்பானது.

சென்ற பத்தாண்டை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் ரூபாய்க் கோரிக்கை 2015-இல் எழுந்தது. சம்பள நிர்ணய சபையின் வழியாக அது கைக்கு வந்தது 2021-இல். மறு ஆண்டே பொருளாதாரம் சரிந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு எழுபதை எட்டியது. ஆறாண்டு போராடிப் பெற்றதை ஓராண்டு விலைவாசி விழுங்கிற்று. 2024-இல் 1,700 என்று வர்த்தமானியில் வெளிவந்தபோது கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன. உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதன்பின் வந்ததே 1,350. கம்பெனிக்காரர்கள் ‘உற்பத்திச் செலவு’ என்கிறார்கள். பத்திரிகைகள் அச்சொல்லை அப்படியே எடுத்து எழுதுகின்றன. லயத்தில் அடுப்பெரிக்கும் செலவுக்கு அத்தகைய மதிப்பான பெயர் எதுவும் கிடையாது!

கொஸ்லந்தை மீரியபெத்தையை நாம் மறக்கலாகாது. 2014 அக்டோபர் 29-ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடியது. முதல் நாளில் இறந்தோர் தொகையை நூற்றுக்கணக்கில் சொன்னார்கள். பிறகு அது நாற்பதுக்கும் கீழே இறங்கியது. எந்த லயத்தில் எவர் குடியிருந்தார் என்பதை வெளியுலகம் அறியாதிருந்த நிலைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கொழுந்தின் நிறையை இராத்தல் கணக்கில் அறிந்திருந்தவர்கள் ஆட்கணக்கை அறிந்திருக்கவில்லை. முன்பே எச்சரித்தும் மக்கள் அகலவில்லை என்றொரு பேச்சும் அன்று எழுந்தது. எங்கே அகல்வது? சொந்தமாக ஏழு பேர்ச் நிலமும் இல்லாதவன் எந்த மண்ணில் பாய் விரிப்பான்? 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்தன. பதினோராண்டு கடந்தும் கேள்வி அதே இடத்தில் நிற்கிறது.

ஊவாத் தொழிலாளி என்றும் வாய்மூடி இருந்தவனல்லன். 1940-இல் இம்மலைகளில் எழுந்த வேலைநிறுத்த அலையில், பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்து நடப்பதாகத் துரை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவைப் பிற பகுதிகளிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்துதான் அவ்வலையைத் தணித்தன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சமசமாஜக் கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டார்கள், என். எம். பெரேரா அவர்களுள் ஒருவர். அதே என். எம். 1964-இல் நிதி மந்திரியாக அமர்ந்திருந்த அரசாங்கமே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைச் செய்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்ட ஒப்பந்தம் அது! அம்மனிதரில் ஒருவரையும் எவரும் கேட்கவில்லை. 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து நின்ற இடதுசாரிகளின் பெருமையைப் பேசுவோர் இதையும் சேர்த்தே பேசவேண்டும். மந்திரி நாற்காலி எவருடைய நாவையும் கட்டிப்போடும் என்பது இளைஞர் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. வாக்குரிமை பறிபோன பின், 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை. வாக்கில்லாதவன் குறையை எழுதினால் எந்த மந்திரி அஞ்சுவான்? பத்திரிகைக்கும் அவன் வெறும் கூலியாகவே தோன்றினான். நடேசய்யர் பத்திரிகையும் சங்கமும் ஒன்றாக நடத்தியது இக்காரணத்தால்தான்: துரைமார் வாயிலில் தடுத்தாலும் அச்செழுத்து லயத்துக்குள் நுழையும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1973-இல் லேக் ஹவுஸ் முதலாளி கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறியது, பிரட்டுக்களம் செய்தியாயிற்றா? பத்திரிகையின் சொந்தக்காரர் மாறுவது மாத்திரம் போதாது, தோழர்களே.

கமக்கார நண்பர்களுக்கு ஒரு சொல். தோட்டத்தான் உம் நிலத்தைப் பிடித்தான் என்று உமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் வெள்ளைக்காரன். அந்நிலத்தில் இலாபம் கண்டவை கம்பெனிகள். தொழிலாளிக்கோ அதில் ஒரு கத்தரிப் பாத்திக்கும் உறுதி இல்லை. உம் கிழங்குக்கு விலை சொல்லும் தரகனும் அவள் கொழுந்துக்கு நிறை சொல்லும் தராசும் உறவினர் அல்லரோ?

படித்த இளைஞர்களிடமும் ஆசிரியர்களிடமும் நாம் கேட்பது இதுவே. வருகிற சம்பள நாளன்று லயத்துக்குப் போங்கள். சம்பளத் துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்: எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், சேமலாப நிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள், கடனுக்கு எவ்வளவு போயிற்று, கைக்கு வந்தது எவ்வளவு. தொழிலாளியின் பெயரை விட்டுவிட்டு, தோட்டத்தின் பெயரோடு எழுதி அனுப்புங்கள். ஒரு தோட்டத்துக்கு ஒருவர் போதும். பசறையிலிருந்தும் ஹாலிஎலயிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் மாதந்தோறும் அக்கணக்கு வரட்டும். கம்பெனிக் கணக்கு அச்சாகும் அதே வாரத்தில் இதையும் பக்கத்தில் வைத்து அச்சிடுவோம்.